யுவராஜ் காட்டிய மேட்டூர் அணை

ஏற்காட்டில் மூடுபனி இறங்கிவிட்டால் மற்ற டிரைவர்கள் எல்லாம் டீக்கடையில் ஒதுங்கிவிடுவார்கள். யுவராஜ் மட்டும் சவாரிக்கு ஆள் தேடுவான். "இந்த மூட்டத்துல என்னத்தப் பாக்கறது?" என்று வந்தவர்கள் தயங்கினால், "நீங்க வண்டியில ஏறுங்க, நான் காட்டறேனுங்க" என்பான். சொன்னபடி காட்டவும் செய்வான். கரடியூர் போகிற வழியில் ஒரு பாறை இருக்கிறது. அதன் மேல் ஏறி நின்று, வெள்ளை வெளேரென்று ஒன்றுமே இல்லாத இடத்தைப் பார்த்துக் கையை நீட்டி, "அந்தா, அங்கதானுங்க மேட்டூர் டேமு. அதுக்கு வலது பக்கம் கொஞ்சம் தள்ளினா ஒகேனக்கல்லு. நல்லாப் பாருங்க" என்பான். அவர்களும் நல்லாப் பார்ப்பார்கள். சிலர் போட்டோ எடுத்துக்கொண்டும் போவார்கள்.

எட்டு வருடமாக இந்தத் தொழில். மற்ற டிரைவர்கள் அந்தப் பாறைக்கு யுவராஜ் பாறை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கேலிக்குத்தான் வைத்தார்கள். அவன் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டான்.

அவனை ஏமாற்றுக்காரன் என்று சொல்லிவிட முடியாது. முதல் வருடம், கண்ணாடி போட்ட சென்னைக்காரர் ஒருவர் கீழே தூரத்தில் பளபளத்த ஒன்றைக் காட்டி, "அது மேட்டூர் டேமாப்பா?" என்று கேட்டார். தெரியாது என்று சொல்ல யுவராஜுக்கு வாய் வரவில்லை. இத்தனை தூரம் வந்த மனிதர், மனைவி மக்களோடு ஆசையாக நிற்கிறார், அவர் முகம் வாடலாமா? "ஆமாங்க" என்றான். அவ்வளவுதான். மறுநாள் வந்தவர்களுக்கு அவனே முந்திக்கொண்டு சொன்னான். முதல் வருடம் அது பொய் என்று அவனுக்கு நினைவிருந்தது. இரண்டாம் வருடம் லேசாக நினைவிருந்தது. மூன்றாம் வருடத்திலிருந்து அது மேட்டூர் அணையேதான்.

இப்படிப்பட்டவன் கையில்தான் மலரின் புவியியல் போய் மாட்டியது.

மலர் அவனுடைய ஒரே மகள், ஐந்தாம் வகுப்பு. கொரோனா சமயத்தில் பள்ளிக்கூடத்தைப் பூட்டியபோது அவள் இன்னும் பள்ளியிலேயே சேரவில்லை. அப்போதே அவளுக்கு வீட்டில் பாடம் சொல்லிக்கொடுப்பது என்று தாயும் தகப்பனும் பேசி முடிவெடுத்து, பாடங்களைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். சுகுணா காப்பி எஸ்டேட்டில் வேலை செய்கிறவள்; ஆனால் பன்னிரண்டாவது வரை படித்தவள். தமிழும் கணக்கும் அவள் பங்கு. யுவராஜுக்கு வாய்ப்பாட்டில் ஏழுக்கு மேல் தடுமாற்றம். "நாலு எடம் சுத்தறவன் நாந்தான். ஊரு ஒலகத்தப் பத்தி நான் சொல்லிக் குடுக்கறேன்" என்று நெஞ்சை நிமிர்த்தி முன்வந்தான். அவன் சுற்றிய நாலு இடத்தில் மூன்று ஏற்காட்டிலேயே இருந்தன.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். சொன்ன வேலையை அவன் விடவில்லை. பள்ளிக்கூடம் திறந்த பிறகும் விடவில்லை. சவாரி இல்லாத சாயங்காலங்களில் மலரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு பாறைக்குப் போவான். அவள் பாறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு நீள நோட்டில் அவன் வாயிலிருந்து வருவதையெல்லாம் எழுதிக்கொள்வாள். எழுதத் தெரியாத வயதில் படமாக வரைந்தாள். நோட்டின் அட்டையில் 'அப்பா சொன்னது' என்று தலைப்பு. மொத்தம் நாற்பத்தொரு இடங்கள் நம்பர் போட்டு இருந்தன.

பலனும் இருந்தது. மற்றப் பிள்ளைகள் பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வரும்போது இவள், இந்தச் செம்மநத்தம் ரோடு இறங்கி எங்கே போய் முட்டும் என்று கண்டக்டரைக் கேட்பாள். அவரும் எத்தனை நாளைக்குத்தான் பதில் சொல்வார், பாவம்.

அந்த நோட்டு ஒருநாள் வகுப்பு டீச்சர் தேவகுமாரியின் கண்ணில் பட்டது. புரட்டிப் பார்த்தவர் அசந்துபோனார். நாலாவது, ஐந்தாவது பிள்ளைகளை அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் பாறைக்கே அழைத்துப் போவது, அங்கே நின்று மலர் எல்லோருக்கும் இடங்களைக் காட்டி விளக்குவது என்று ஏற்பாடு செய்துவிட்டார்.

மலர் சேதி சொன்னபோது யுவராஜ் தரையில் நிற்கவில்லை. "பாத்தியா சுகுணா? டீச்சரே அசந்துட்டாங்களாம்."

சுகுணா பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்: "ஏனுங்க, அப்படி அங்க என்னதான் தெரியுது? ஊருல இருக்கறவங்களுக்கெல்லாம் காட்டறீங்க. கண்ணாலம் பண்ணிப் பன்னண்டு வருசமாச்சு, என்னைய ஒரு நாளு கூட்டிட்டுப் போனீங்களா?"

அவன் யோசித்துப் பார்த்தான். போனதில்லை. பெங்களூர்க்காரர்களையும் பாண்டிச்சேரிக்காரர்களையும் கூட்டிப் போனவனுக்குச் சொந்தப் பெண்டாட்டியைக் கூட்டிப் போகத் தோன்றவே இல்லை. கொட்டச்சேட்டில் தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீட்டிலிருந்து எஸ்டேட், எஸ்டேட்டிலிருந்து வீடு என்று அவளும் இருந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் போனார்கள். முந்தின நாள் மழை பெய்து ஓய்ந்திருந்ததால் வானம் துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. கீழே சமவெளி ஒரு மறைப்பில்லாமல் விரிந்து கிடந்தது. மலர் பாறை நுனிக்கு இரண்டடி தள்ளி நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒப்பிக்க ஆரம்பித்தாள்.

"அங்கே பளபளவென்று தெரிவது மேட்டூர் அணை. காவிரி ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டது. அதற்கு வலது பக்கம் புகை மாதிரி தெரிவது ஒகேனக்கல் அருவியின் சாரல். அதற்கும் அப்பால் நீலமாகத் தெரிவது கேரளா."

சுகுணா கண்ணுக்கு மேல் கையை வைத்து உற்றுப் பார்த்தாள். இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"என்னம்மா?" என்றாள் மலர்.

"ஒண்ணுமில்ல கண்ணு. நொம்ப நல்லாச் சொல்றே. நீ போயி ஜீப்புல தண்ணி பாட்டில் இருக்குது, எடுத்துட்டு வா."

மலர் இறங்கி ஓடியதும் சுகுணா பாறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஏனுங்க, அது எங்கூரு மண்டபமுங்க."

"எது?"

"உங்க மேட்டூர் டேமு. மண்டபத்துத் தகரக் கூரைங்க அது. அந்தா ரயில் ரோடு, அதுக்கு இந்தப் பக்கம் எங்கூரு ஏரி, ஏரிக்கு ஒட்டினாப்புல மண்டபம். சின்னப்புள்ளயில ஏரிக்கரையில ஆடு மேய்க்கறப்ப நாள் பூரா இந்தப் பாறையத்தான் அண்ணாந்து பாத்துட்டு இருப்பேன். எனக்குத் தெரியாதா?"

"இல்ல, அது தண்ணியாட்டம்..."

"நீங்க என் கழுத்துல தாலி கட்டினது அந்த மண்டபத்துலதானுங்க. மூணு தடவ பாயசம் வாங்கிக் குடிச்சீங்க. மறந்து போச்சா?"

யுவராஜ் மறுபடி பார்த்தான். இப்போது அது அணையாகத் தெரிய மறுத்தது. சதுரமாக, விளிம்போடு, சுத்தமான தகரக் கூரையாகத் தெரிந்தது. மாமியார் ஊருக்கு வருடத்தில் மூன்று முறை போகிறவன்தான். சேலம் வழியாகப் பஸ்ஸில் சுற்றிக்கொண்டு போவான். காலுக்கு நேர் கீழே கிடக்கிறது என்று யார் கண்டது?

"அப்ப ஒகேனக்கல்லு?"

"செங்கச் சூளைங்க. எங்க பெரியப்பா ஊட்டுது."

"கேரளா?"

"அது நம்ம ஜில்லாவையே தாண்டாத சின்னக் கரட்டு மலைங்க."

அவனுக்கு எட்டு வருடம் வந்துபோனவர்களைப் பற்றிக் கவலையில்லை. அவர்கள் போன இடம் யாருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை இந்த இடத்தில் டீச்சருக்கும் நாற்பது பிள்ளைகளுக்கும் முன்னால் நின்று, தன் மகள் ஒரு கல்யாண மண்டபத்தைக் காட்டிக் காவிரி என்று சொல்லப்போகிறாள். அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் கீழே சொந்தபந்தம் இருக்கிறது. எவனாவது ஒருவன் சிரிப்பான். அப்புறம் அவள் திரும்பித் தன் அப்பனைப் பார்ப்பாள்.

"நீயே பக்குவமா அவகிட்டச் சொல்லிரு சுகுணா."

சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "நான் சொல்ல மாட்டேனுங்க. நான் சொன்னா, அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஆயிரும். நீங்க சொன்னா, அப்பா தப்பாச் சொல்லிட்டாங்கன்னு மட்டும்தான் ஆவும். ரெண்டும் ஒண்ணில்லீங்க. வெள்ளிக்கெழமைக்குள்ள சொல்லிருங்க."

திங்கட்கிழமை காலை பள்ளிக்கு அழைத்துப் போகும்போது சொல்வதாக இருந்தான். மலர் வழியெல்லாம் ஒப்பித்துப் பார்த்துக்கொண்டே வந்ததால் நடுவில் புக முடியவில்லை. செவ்வாய்க்கிழமை, "ஏன் கண்ணு, ஒருவேளை அந்த டேமுக்குத் தண்ணி வத்திப் போயி, அது வேற எதுவோன்னு யாராச்சும் சொன்னா..." என்று ஆரம்பித்தான். "தண்ணி வத்தினா டேமு வேறயா ஆயிருமா? அது அங்கயேதான இருக்கும்?" என்று அவள் திருப்பிக் கேட்டதும் கியரை மாற்றிக்கொண்டான். அன்று சாயங்காலம் சேர்வராயன் கோயில் வரைக்கும் போய், வெள்ளிக்கிழமை கனத்த மூட்டமாகப் போடும்படி கும்பிட்டுவிட்டு வந்தான். வெயில் வேண்டும் என்று கும்பிடுகிற டிரைவர்களுக்கு நடுவே இவன் ஒருவன்.

புதன்கிழமை அவனுக்கே தன் மேல் வெறுப்பு வந்துவிட்டது. போனில் மேப்பை எடுத்து மேட்டூரைத் தேடினான். பாறைக்கு மேற்கே ஒரு பெரிய மலைத்தோள் நீண்டிருக்கும், அதற்குப் பின்னால் எங்கேயோ காட்டியது. போனையும் நம்பாமல், ஸ்டாண்டில் நின்ற மேட்டூர்க்காரப் பயணி ஒருவரிடம் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டான். சாயங்காலம் மலரை ஏற்றிக்கொண்டு வரும்போது, சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே ஜீப்பை ஓரம் கட்டினான்.

"சாமி, அது மேட்டூர் டேம் இல்ல. உங்க அம்மாயி ஊரு மண்டபம். நாந்தான் தெரியாம சொல்லிட்டேன்."

மலர் பையைத் திறந்து நீள நோட்டை எடுத்தாள், பென்சிலை எடுத்தாள்.

"ரெண்டாவது. ஒகேனக்கல்லு?"

"செங்கச் சூளை."

"மூணு. கேரளா?"

"ஒரு கரடு."

"ஏழு. ராசா காலத்துக் கோட்டை?"

"தண்ணி டேங்கா இருக்கும் சாமி."

"பதினாலு. கப்பல் போற கடலு?"

யுவராஜ் திடுக்கிட்டான். "அத நான் எப்பச் சொன்னேன்?"

"ரெண்டாங்கிளாஸ் லீவுல. மூட்டமா இருந்தன்னிக்கு. கப்பல் சத்தம் கேக்குது பாருன்னு சொன்னீங்க."

அவனுக்கு நினைவு வந்தது. எங்கேயோ லாரி ஹாரன் அடித்தது. பிள்ளை ஆசையாகக் கேட்டாள், சொன்னான். சென்னைக்காரருக்குச் சொன்ன அதே காரணம்தான். ஆனால் அவர் மறந்துவிட்டுப் போயிருப்பார். இவள் நம்பர் போட்டு எழுதி வைத்திருக்கிறாள்.

நாற்பத்தொன்று முடிய அரை மணி நேரம் ஆனது. பெருக்கல் குறிகள் பக்கம் பக்கமாக விழுந்தன. சரி என்று டிக் வாங்கியவை மூன்று: சேர்வராயன் மலை, கொட்டச்சேட்டில் பஸ் திரும்புகிற இடம், அவர்கள் வீடு.

"அப்ப நெசமான மேட்டூர் டேமு எங்கீங்கப்பா இருக்குது?"

"மேக்க அந்தப் பெரிய மலை நீண்டிருக்குதல்ல, அதுக்குப் பின்னால. நம்ம பாறையில நின்னா பாக்க முடியாது. இது விசாரிச்சுட்டுச் சொல்றேன் சாமி."

அவள் அதை எழுதிக்கொண்டாள். ஆனால் டிக் போடவில்லை. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள், கொஞ்சம் பெரிதாகவே.

அன்றைக்குப் பிடித்தது சனி. "கை கழுவிட்டேன்" என்று யுவராஜ் சாப்பிட உட்கார்ந்தால், "அம்மா, அப்பா கை கழுவுனாங்களா?" என்று அடுப்படியைப் பார்த்துக் கேள்வி போகும். "நாளைக்கு வெயிலடிக்கும்" என்றான். "அம்மா, அடிக்குமா?" "டீசல் போட்டுட்டு வந்துட்டேன்" என்றான். மலர் போய் ஜீப்பில் டீசல் முள்ளைப் பார்த்துவிட்டு வந்தாள். சுகுணாவுக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. வியாழக்கிழமை காலையில் அவன் முகத்தைப் பார்த்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

அன்று சாயங்காலம் வேலை விட்டு வந்த சுகுணா, கையில் ஒட்டியிருந்த காப்பிப்பழப் பிசினைத் தேய்த்துக் கழுவிவிட்டு மகளோடு உட்கார்ந்தாள். ரயில் ரோடு, ஏரி, ஏரிக்கு வரும் ஓடை, மாந்தோப்பு, செங்கல் சூளை, மண்டபம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். மலர் புதுப் படம் வரைந்தாள். யுவராஜ் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, கடைசி பெஞ்சு மாணவனாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"மேட்டூர் டேமு அந்த மலைக்குப் பின்னாலன்னு அப்பா சொன்னாங்க. நெசமாம்மா?"

"எனக்குத் தெரியாது கண்ணு. நான் மேட்டூருக்குப் போனதே இல்ல. அது உங்கப்பாவுக்குத்தான் தெரியும்."

கேள்விக்குறி அப்படியே நின்றது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் யுவராஜ் கதவைத் திறந்து பார்த்தான். சேர்வராயன் கேட்டதைக் கொடுத்துவிட்டார். எதிர் வீடு தெரியவில்லை. இத்தனை கனமான மூட்டத்தை அந்த மாதத்தில் அவன் பார்த்ததில்லை. செவ்வாய்க்கிழமை கேட்டது செவ்வாய்க்கிழமைக் கவலைக்கு; இப்போது எதற்கு இது? வேண்டுதலை வாபஸ் வாங்க வழி உண்டா என்று யாரைக் கேட்பது?

பத்து மணிக்குப் பள்ளி வேனும் பின்னால் அவன் ஜீப்புமாகப் பிள்ளைகள் பாறைக்கு வந்து சேர்ந்தார்கள். பாறை மட்டும்தான் தெரிந்தது. பாறைக்கு அப்பால் உலகமே இல்லை. மலர் சுருட்டிய படத்தை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

தேவகுமாரி டீச்சர் மணியைப் பார்த்தார். "பதினொன்றரைக்கு வேன் பள்ளிக்கூடத்துல இருக்கோணும். இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம் மலர்."

"டீச்சர், டீச்சர்!" என்று கையைத் தூக்கினான் ஜாபெஸ் என்ற பையன். "மலரோட அப்பா மூட்டத்துலயே காட்டுவாங்களாம். எங்க சித்தப்பா சொன்னாங்க. இங்கயே நின்னு டேமு, அருவி எல்லாம் காட்டுவாங்களாம்."

பிள்ளைகள் எல்லோரும் யுவராஜைத் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சரும் பார்த்தார். மலரும் பார்த்தாள்.

அவன் கை பழக்கதோஷத்தில் பாதி உயர்ந்திருந்தது. கீழே போட்டான்.

"இப்ப ஒண்ணும் தெரியாது சாமி. நான் காட்டினதெல்லாம் சும்மா" என்றான். பிறகு பாறை ஓரத்துக்குப் போய்ப் பள்ளத்தை எட்டிப் பார்த்தான். எட்டு வருடத்தில் அவன் உண்மையிலேயே பார்த்தது ஒன்று உண்டென்றால் அது இந்த மூடுபனிதான். அது எப்போது வரும், எப்படி உட்காரும், எப்போது கிளம்பும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துபடி. இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை.

"டீச்சருங்க, மூட்டம் பள்ளத்துல இருந்து மேல ஏறுதுங்க. கீழ வெயில் பட்டிருச்சு. அதான் கெளம்புது. பத்தே முக்காலுக்குள்ள விலகிருமுங்க."

டீச்சருக்குத் தயக்கம். இந்த ஆள் சற்று முன்னால்தான் தன் வாயாலேயே எல்லாம் சும்மா என்று சொன்னான். அவர் மலரைப் பார்த்தார். "என்ன மலர், இருக்கலாமா, கெளம்பலாமா?"

கேட்பதற்கு அம்மா அங்கே இல்லை. அவள் எஸ்டேட்டில் பழம் பறித்துக்கொண்டிருந்தாள். மலர் வெள்ளையாகக் கிடந்த பள்ளத்தைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று யுவராஜைக் கேட்டால் ஒரு மணி நேரம் என்பான். அதையும் நம்பிவிட வேண்டாம்.

"இருக்கலாம் டீச்சர்" என்று சொல்லிவிட்டு அவள் பாறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

பத்தரை ஆனது. ஒன்றும் ஆகவில்லை. பத்தே முக்கால் ஆனது. ஜாபெஸ் கொட்டாவி விட்டான். யுவராஜ் பள்ளத்தை இன்னொரு முறை எட்டிப் பார்த்தான். பத்து ஐம்பதுக்கு, பாறை நுனியில் ஒரு புல் அசைந்தது. வெள்ளையில் ஒரு பழுப்பு தெரிந்தது, பிறகு பச்சை, பிறகு ஒரு கோடாக ரயில் ரோடு. யாரோ பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போவதுபோல் மூட்டம் ஒரு பக்கமாக விலகிப் போனது. கீழே வெயிலில் தகரக் கூரை பளிச்சென்று மின்னியது. பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள்.

மலர் எழுந்து படத்தை விரித்தாள். ரயில் ரோட்டைக் காட்டினாள், ஏரியைக் காட்டினாள், செங்கல் சூளையைக் காட்டினாள். "அந்தா பளபளன்னு தெரியுதே, அது கல்யாண மண்டபம். அங்கதான் எங்கம்மாவுக்கும் எங்கப்பாவுக்கும் கண்ணாலம் நடந்துச்சு" என்றாள். டீச்சர் சிரித்துக்கொண்டே யுவராஜைப் பார்த்தார். அவன் தலையைச் சொறிந்தான்.

ஜாபெஸ் விடுவதாக இல்லை. "அப்ப மேட்டூர் டேமு எங்க?"

மலர் மேற்கே கையை நீட்டினாள். "அந்தப் பெரிய மலைக்குப் பின்னால. இங்க இருந்து பாக்க முடியாது."

"உனக்கு எப்படித் தெரியும்? நீ போயிருக்கியா?"

"எங்கப்பா சொன்னாங்க" என்றாள் மலர். சொல்லிவிட்டு நீள நோட்டைத் திறந்து, கேள்விக்குறியை ரப்பரால் அழித்து, டிக் போட்டாள்.

யுவராஜ் ஜீப்புக்குப் போய், காலையில் துடைத்த கண்ணாடியை இன்னொரு முறை துடைக்க ஆரம்பித்தான்.